சைரஸின் கருணைக்கு யார் சாட்சி?

பாபிலோன் இடிபாடுகளில் 1879இல் ஹொர்முஸ்த் ரஸ்ஸாமின் அகழாய்வில் கிடைத்த, அந்நகரைப் பிடித்த பாரசீகப் பேரரசன் சைரஸின் பெயரிலான களிமண் உருளை ஒரு சாண் நீளம்தான் இருக்கும். ஆப்பெழுத்தில் சுமார் 45 வரிகள். அவற்றில் பல சிதைந்தவை. உருளை இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதன் நகல் ஒன்றை ஈரான் மன்னர் ஷா, பாரசீக முடியாட்சியின் 2,500ஆம் ஆண்டு விழாவை ஒட்டி 1971இல் ஐ.நா.வுக்குப் பரிசளிக்கச் செய்தார். உலகின் முதல் மனித உரிமைச் சாசனம் என்ற பட்டமும் கூடவே பரவியது. சைரஸ் அடிமை முறையை ஒழித்தார் என்று மூலத்தில் இல்லாததைச் சேர்த்த ஒரு போலி மொழிபெயர்ப்பு இணையத்தில் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாபிலோனின் எகிபி என்ற வணிகக் குடும்பம் விட்டுச்சென்ற களிமண் பத்திரங்களைப் பார்த்தாலே அந்தக் கதை உடைந்துவிடும். சைரஸின் ஆட்சியாண்டைத் தேதியாக இட்டு, அடிமைகளை விற்றதும் வாங்கியதும் அவற்றில் வழக்கம்போல் பதிவாகியிருக்கின்றன.

உருளை சொல்லும் கதை இதுதான். பாபிலோன் அரசன் நபோனிடஸ் வழிபாட்டைக் கெடுத்தான், மக்கள்மேல் நுகத்தடியை ஏற்றினான். நகரின் தெய்வமான மார்டுக் கோபம் கொண்டு, நீதியுள்ள ஓர் அரசனை நாடெல்லாம் தேடி, சைரஸின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். இதை யார் எழுதியிருப்பார்கள்? மார்டுக் கோயிலின் எழுத்தர்கள்தாம். இந்தக் கதையும் அவர்களுக்குப் புதிதில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் மெரோதாக் பாலாதான் பாபிலோன் அரியணையைப் பிடித்தபோது அவனையும் மார்டுக்தான் தேடிக் கண்டெடுத்தார். அவனை விரட்டிவிட்டு கி.மு. 710இல் உள்ளே வந்த அசீரியப் பேரரசன் இரண்டாம் சார்கோனும் தன்னை மார்டுக்கே அழைத்ததாக எழுதிக்கொண்டான். இது ஊரறிந்த மெய்க்கீர்த்தி மரபு. வந்தவன் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

அதற்காக உருளையை வெறும் பொய் என்று தள்ளிவிட முடியாது. சைரஸின் சாமர்த்தியமே அங்குதான் இருக்கிறது. பாரசீகத்திலிருந்து வந்தவன் தன் தெய்வத்தையோ தன் மொழியையோ பாபிலோன்மேல் திணிக்கவில்லை. தோற்ற நாட்டின் அர்ச்சகர்களும் எழுத்தர்களும் தங்கள் மொழியிலேயே தன்னை முறையான அரசனாக எழுதும்படி பார்த்துக்கொண்டான். அந்த ஏற்பில் அவர்களுக்கும் ஆதாயம் இருந்தது. நபோனிடஸ் சந்திரத் தெய்வமான சின்னை உயர்த்திப் பிடித்தவன்; சுமார் பத்து ஆண்டுகள் அரேபியப் பாலைவனத்துத் தைமாவில் போய் இருந்துகொண்டு, ஆட்சியை மகன் பெல்ஷாத்சாரிடம் விட்டவன். அரசன் ஊரில் இல்லாததால் அந்த ஆண்டுகளில் புத்தாண்டு விழாவான அகிது நடக்கவில்லை. கோயிலின் செல்வாக்கே அந்த விழாவைச் சுற்றியிருந்த ஊரில் இது சின்ன விஷயமல்ல.

ஆனால் வெட்டுக்குத்து இல்லாமல் நகரம் கைமாறியது என்று உருளை சொல்வதைப் பாபிலோனியரின் சொந்த நாளாகமத்தோடு வைத்துப் படிக்க வேண்டும். கி.மு. 539 அக்டோபரில் டைகிரிஸ் கரையிலுள்ள ஓப்பிஸில் சைரஸின் படை முதலில் போரிட்டது. மக்களை வெட்டிக் கொள்ளையடித்தது என்றே பெரும்பாலான அறிஞர்கள் அந்த வரியைப் படிக்கிறார்கள். அடுத்து சிப்பார் போரின்றிப் பணிந்தது. அக்டோபர் 12 அன்று சைரஸின் தளபதி உக்பாருவின் தலைமையில் படை பாபிலோனுக்குள் நுழைந்தது. சைரஸ் இரண்டு வாரம் கழித்து, 29ஆம் தேதிதான் வந்தான். ஓப்பிஸ் சேதி முன்னே போனபின் வாசல் திறந்ததை அன்பின் வரவேற்பு என்று எடுத்துக்கொள்வது கடினம். தெய்வச் சிலைகளை அவற்றின் ஊர்களுக்குத் திருப்பி அனுப்பியதும் உண்மை. ஆனால் படையெடுப்புக்குப் பயந்து நபோனிடஸே தலைநகரில் சேர்த்துவைத்திருந்த சிலைகளும் அவற்றில் உண்டு.

அப்படியானால் பாபிலோனில் சிறையிருந்த யூதர்கள் சைரஸின் அனுமதியோடு எருசலேமுக்குத் திரும்பியது? தமிழ் விவிலியம் கோரேஸ் என்று அழைக்கும் சைரஸை ஏசாயா நூல் கர்த்தரால் அபிஷேகம் பண்ணப்பட்டவராகவே காண்கிறது. இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. உருளையில் எருசலேமின் பெயர் இல்லை என்பது மட்டும் அதற்குப் பதிலாகாது. அசீரிய மன்னன் செனகெரிப் கி.மு. 689இல் இதே பாபிலோனை இடித்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரில் மூழ்கடித்ததாகத் தானே பெருமையடித்துக்கொண்டவன். அவன் வழியில் போகச் சைரஸுக்கும் படை இருந்தது, அவன் போகவில்லை. அது கணக்கு போட்டு எடுத்த முடிவாகவே இருக்கட்டும், உயிர் பிழைத்தவர்களுக்கு அதில் என்ன குறை? இங்கே நான் மறுப்பது கருணையின் பலனை இல்லை. மக்கள் நபோனிடஸை வெறுத்து, வந்தவனை மனதார ஏற்றார்கள் என்ற முடிவைத்தான் மறுக்கிறேன்.

அதற்கு வலுவான சான்றைத் தந்தவர் இன்னொரு பாரசீகப் பேரரசர். கி.மு. 522இல் முதலாம் டேரியஸ் ஆட்சியைப் பிடித்தபோது பாபிலோன் கிளர்ந்தது. அடக்கியபின் 521இல் மீண்டும் கிளர்ந்தது. பெஹிஸ்துன் மலைப் பாறையில் டேரியஸ் வெட்டுவித்த கல்வெட்டின்படி, இரண்டு கிளர்ச்சித் தலைவர்களும் ஒரே பெயரைச் சொல்லித்தான் ஆள் சேர்த்தார்கள்: நான் நபோனிடஸின் மகன் நெபுகாத்நேச்சார் என்று. தெய்வமே வெறுத்து ஒதுக்கியதாக உருளை சொன்ன அரசனின் வாரிசு என்று சொல்லிக்கொள்வது, பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும் பாபிலோனில் லாபமாக இருந்திருக்கிறது. கோயில் எழுத்தர்களின் ஏற்பு நகரத்தின் ஏற்பாகிவிடவில்லை.

அந்த எழுத்தர் குடும்பங்களோடு பாரசீகம் வைத்திருந்த ஒப்பந்தமும் நிலைக்கவில்லை. டேரியஸின் மகன் செர்க்செஸ் காலத்தில், கி.மு. 484இல், பாபிலோனியாவில் மறுபடி கிளர்ச்சி வெடித்தது. கோயில் பதவிகளைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த வடக்குப் பகுதிப் பழைய குடும்பங்கள் பலவற்றின் பத்திரத் தொகுதிகள் சரியாக அந்த ஆண்டோடு நின்றுவிடுகின்றன. பாரசீகப் பிரபுக்களின் நிலங்களோடு பிழைப்பைப் பிணைத்துக்கொண்டவர்களின் பத்திரங்களோ அதற்குப் பின்னும் தொடர்கின்றன.