பதினெட்டு வயதில் ஒரு 224

டீயைக் குடியுங்கள் தம்பி, ஆறிவிடப்போகிறது. நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். இன்றைக்கு ரஞ்சி டிராபியில் மீசை அரும்பாத பையன்கள்கூட இரட்டைச் சதம் போடுகிறார்கள். 1866-இல் டபிள்யூ. ஜி. கிரேஸ் அடித்த 224-க்கு மட்டும் ஏன் இத்தனை மவுசு?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். லண்டன் ஓவல் மைதானம், ஜூலை 30-இல் தொடங்கிய ஆட்டம். ஒரு பக்கம் சர்ரே கவுண்டி, எதிரில் 'இங்கிலாந்து'. நாட்டு அணி என்று நினைத்துவிடாதீர்கள். டெஸ்ட் கிரிக்கெட் பிறக்கவே இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறது. வெவ்வேறு கவுண்டிகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த அணி அது. அதில் பதினெட்டு வயது நிரம்பிப் பன்னிரண்டு நாளே ஆன கிரேஸ் 224 நாட் அவுட். முதல்தர ஆட்டத்தில் அவருடைய முதல் சதமே அதுதான். அணி மொத்தம் 521. சர்ரே ஓர் இன்னிங்ஸும் 296 ரன்னும் வித்தியாசத்தில் தோற்றது. கழித்துப் பாருங்கள்: சர்ரே அணி முழுக்க இரண்டு தடவை ஆடிச் சேர்த்தது 225. பையன் ஒருவனே எடுத்ததைவிட ஒரே ஒரு ரன் அதிகம்!

எண் பெரியதுதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, யாரை எதிர்த்து, எந்தத் தரையில் என்பது. தோளுக்கு மேலே கையைத் தூக்கிப் பந்து வீசக் கூடாது என்பது 1864 வரை விதி. 1862-இல் இதே ஓவலில், இதே இங்கிலாந்து–சர்ரே ஆட்டத்தில், எட்கர் வில்ஷர் கையை உயர்த்தி வீசினார் என்று அம்பயர் ஜான் லில்லிவைட் அடுத்தடுத்து ஆறு முறை நோ-பால் கொடுத்தார். வில்ஷரும் கூட ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர்களும் மைதானத்தைவிட்டே வெளியேறிவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் விதி மாறியது. உயரத்திலிருந்து பந்து இறங்க ஆரம்பித்தது.

இறங்குவது எதன்மேல்? ஓவல் அந்தக் காலத்துக்கு நல்ல ஆடுகளம் என்று பெயர் வாங்கியது. காய்கறித் தோட்டமாக இருந்த இடத்தில் 1845-இல் டூட்டிங் பொதுவெளியிலிருந்து புல்லைப் பெயர்த்துக் கொண்டுவந்து பதித்தது. லார்ட்ஸ் மைதானத்தின் கதை வேறு. பந்து எப்போது எகிறும், எப்போது தரையோடு ஊரும் என்று யாருக்கும் தெரியாது. 1870-இல் அங்கே தலையில் பந்து பட்டு ஜார்ஜ் சம்மர்ஸ் என்ற நாட்டிங்காம்ஷயர் ஆட்டக்காரர் இறந்தேபோனார். ஹெல்மெட்டா, அதெல்லாம் ஏது!

அதுவரை ஒரு பேட்ஸ்மேன் முன்னங்காலை நீட்டி ஆடுபவராக இருப்பார், இல்லையென்றால் பின்னங்காலில் நின்று ஆடுபவராக இருப்பார். கிரேஸ் பந்தைப் பார்த்து இரண்டையும் ஆடினார். இந்த இரண்டையும் ஒன்றாக்கியதுதான் நவீன பேட்டிங்கின் தொடக்கம் என்று 1897-இல் புத்தகம் எழுதியவர் வேறு யாருமில்லை, ரஞ்சித்சிங்ஜி. டிராபிக்குப் பெயர் கொடுத்த அதே ரஞ்சிதான்.

கிரேஸின் இந்த ஆட்டமுறைக்குப் பிரிஸ்டல் பக்கம் டவுனெண்டில், வீட்டுப் பழத்தோட்டத்தில் விதை விழுந்தது. மாமா ஆல்ஃபிரட் போகாக் பயிற்சி கொடுத்தார், அண்ணன் ஈ. எம். பந்தை விளாசித் தள்ளினார், மரங்களுக்கு இடையே ஓடிப் பந்தைக் கவ்விக்கொண்டு வந்தவை வீட்டு நாய்கள்.

பலர் அந்த 224 ஆட்டத்தை நினைவில் வைத்திருப்பது இன்னொரு விஷயத்துக்காக. இரட்டைச் சதம் அடித்துவிட்டு, ஆட்டம் முடிவதற்குள்ளேயே கேப்டன் வி. ஈ. வாக்கரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கிரிஸ்டல் பேலஸுக்குப் போய் 440 கெஜத் தடை ஓட்டத்தில் கிரேஸ் ஜெயித்துவிட்டார். சுவையான கதைதான், ஆனால் பேட்டிங்கைப் புரிந்துகொள்ள அது உதவாது.

அதற்கு முந்தைய வருஷத்தைப் பாருங்கள். 1865-இல் ஓவலில் ஜென்டில்மென் ஆஃப் தி சவுத் அணிக்காக முதல்தர ஆட்டத்துக்குள் அவர் நுழைந்தபோது பேசப்பட்டது பந்துவீச்சுதான்: 84 ரன்னுக்கு 13 விக்கெட். எதிரணி, பிளேயர்ஸ் ஆஃப் தி சவுத். அந்த 224 அடித்த அதே வருஷம் ஆகஸ்டில், அதே ஓவலில், அதே பிளேயர்ஸ் ஆஃப் தி சவுத்துக்கு எதிராக மறுபடி பேட்டைப் பிடித்தார். 173, மறுபடியும் நாட் அவுட்.