ஃபேஷியல் ஓகே... ஊசி, லேசர், பீல்? பியூட்டிஷியன் வேலை எங்கே முடியுது, டாக்டர் வேலை எங்கே தொடங்குது?

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் குற்றாலம் ஐந்தருவியில் கூட்டத்துக்குச் சொல்லவே வேண்டாம். எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், சூடா பஜ்ஜி என்று ஒரு நாள் போவதே தெரியாது. ஆனால் சீசன் டிரிப்போடு இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. கிளம்பும் முன் ஒரு கிளீன்-அப், திரும்பி வந்ததும் டேன் போக ஒரு பீல், அடுத்த மாதம் கல்யாணம் என்றால் ‘குளோ’ ஊசி.

ஒரு காலத்தில் சென்னை, பெங்களூரு போர்டுகளில் மட்டும் பார்த்த வார்த்தைகள் இவை. ஹைட்ரா ஃபேஷியல், பிஆர்பி, கெமிக்கல் பீல், மைக்ரோ நீட்லிங், லேசர் டோனிங் என்று இப்போது சின்ன ஊர் பார்லர் விலைப்பட்டியலிலும் இருக்கின்றன. இதில் எதை பியூட்டிஷியன் செய்யலாம்? எதை டாக்டர் மட்டும்தான் செய்யணும்? முகத்தைக் கொடுக்கிறவர்களுக்கும் சரி, பார்லர் நடத்துகிறவர்களுக்கும் சரி, இந்தக் கோடு தெரிந்திருக்க வேண்டும். பார்க்கலாம் வாங்க.

ஒரே வார்த்தை, ரெண்டு வேலை

குழப்பம் போர்டிலேயே தொடங்குகிறது. ‘காஸ்மெட்டாலஜி’ என்று பார்த்ததும் பலர் அதை டாக்டர் படிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஐடிஐ-களில் ‘பேசிக் காஸ்மெட்டாலஜி’ என்று ஓராண்டு தொழிற்பிரிவு இருக்கிறது. முடி, சருமம், நகம், மேக்கப் என அழகுக்கலையை முறையாகச் சொல்லித்தரும் நல்ல படிப்புதான். ஆனால் ஊசி போடவோ, மருந்து எழுதவோ அது உரிமை தராது.

தோல் மருத்துவர் என்றால் எம்பிபிஎஸ் முடித்து, அதற்கு மேல் தோல் நோய்ப் பிரிவில் எம்.டி., டிப்ளமோ அல்லது டிஎன்பி படித்தவர். அழகுக்கான அறுவை சிகிச்சை என்றால் எம்.சிஎச். முடித்த பிளாஸ்டிக் சர்ஜன். எந்த மருத்துவராக இருந்தாலும் மருத்துவ கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். ஆகவே போர்டில் இருக்கும் வார்த்தையைப் பார்க்காதீங்க, பெயருக்குப் பின்னால் இருக்கும் படிப்பையும் பதிவு எண்ணையும் பாருங்க.

தோலில் அந்தக் கோடு எங்கே இருக்கு?

நம் தோலின் வெளிப்பக்கம் செத்த செல்களால் ஆன ஒரு மெல்லிய உறை. ஒரு மில்லிமீட்டரை 50 பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு அளவுதான் அதன் தடிமன். அதற்குக் கீழே உயிருள்ள செல்கள், நிறத்தைத் தரும் மெலனின் செல்கள். இன்னும் கீழே போனால் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் இருக்கும் உள்தோல்.

கிளீன்சிங், ஸ்க்ரப், ஃபேஸ் பேக், மசாஜ், சாதாரண ஃபேஷியல் எல்லாம் பெரும்பாலும் அந்த வெளி உறையோடு முடிந்துவிடும் வேலைகள். திரெடிங், வேக்சிங் இரண்டும் முடியை இழுக்கின்றன, ஆனால் தோலைத் திறப்பதில்லை. இது பியூட்டிஷியனின் களம்.

உயிருள்ள தோலைத் துளைக்கும், எரிக்கும், கரைக்கும் எதுவும் மருத்துவம். போடாக்ஸ், ஃபில்லர், குளுட்டாதயோன் ஊசி, பிஆர்பி, ஆழமான மைக்ரோ நீட்லிங், மரு எரிப்பது, முடி நடுவது எல்லாம் இதில் வரும். லேசர் தோலைக் கிழிக்காதே என்று கேட்கலாம். கிழிக்காது, ஆனால் அதன் ஒளி உள்ளே போய் மெலனினையும் முடிவேரையும் சூடாக்குகிறது. அளவு தப்பினால் அது தீக்காயம்.

பீலிங்கில் ரெண்டு வகையையும் பிரித்துப் பார்க்கணும். கிளைகாலிக் அமிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பயன்படுத்தும் பொருட்களில் 10 சதவீதம் வரையும், பயிற்சி பெற்றவர்கள் சலூனில் கொஞ்ச நேரம் போட்டுக் கழுவிவிடும் பொருட்களில் 30 சதவீதம் வரையும் பாதுகாப்பானது என்பது அமெரிக்காவின் அழகுசாதன மூலப்பொருள் ஆய்வுக் குழுவின் முடிவு. அதிலும் அமிலத்தன்மை எவ்வளவு என்ற கட்டுப்பாடு உண்டு. அதற்கு மேல் போனால், டிசிஏ, ஃபீனால் என்று வந்தால், அது டாக்டர் கை. ஃபீனால் பீல் இதயத் துடிப்பையே பாதிக்கும் என்பதால் இதயத்தைக் கண்காணித்துக்கொண்டேதான் செய்வார்கள்.

நம்ம ஊர் சருமத்துக்கு ஏன் கூடுதல் கவனம்?

மாநிறமோ, கருமையோ, நம்மில் பெரும்பாலோரின் சருமத்தில் மெலனின் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. வெயிலிலிருந்து காப்பாற்றுவது அதுதான். ஆனால் தோலில் புண்ணோ சூடோ பட்டால், அது ஆறும்போது அதே இடத்தில் மெலனின் அதிகமாகச் சுரந்து கருந்திட்டு விழுந்துவிடும். வெள்ளைத் தோலுக்கு வைத்த லேசர் அளவை அப்படியே நமக்கு வைத்தால் கருமை போக்கப் போய் கருமைதான் மிஞ்சும். தோலின் நிறத்தைப் பார்த்து அளவை மாற்றத் தெரிவதுதான் இங்கே படிப்பின் மதிப்பு.

இடம் தப்பினால் என்ன ஆகும்?

2016 மே மாதம். சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு மையத்தில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்டார் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர். உடல்நிலை மோசமாகி, வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் உயிரிழந்தார். அந்த மையத்துக்கு இருந்தது சலூன் நடத்தும் உரிமம்தான் என்பது பிறகு தெரியவந்து, சீல் வைக்கப்பட்டது. செய்கிறவர் யார் என்பதோடு, செய்யும் இடத்தில் மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் உயிரைக் காப்பாற்ற வசதி இருக்கா என்பதும் கேள்வி.

2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் முடி மாற்று சிகிச்சைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒர்க்‌ஷாப்பிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றுக்கொண்டது பயிற்சி ஆகாது என்று அதில் தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பா. அங்கே ‘வேம்பயர் ஃபேஷியல்’, அதாவது சொந்த ரத்தத்தைப் பிரித்து ஊசிகளால் முகத்தில் ஏற்றும் பிஆர்பி செய்துகொண்டவர்களுக்கு எச்ஐவி தொற்று வந்தது 2018-ல் தெரியவந்தது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய பொருட்களை அங்கே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

சாதாரண மரத்துப்போகும் கிரீம் கூட விளையாட்டு இல்லை. லேசருக்கு முன் காலில் அதிக அளவு கிரீம் பூசி, மேலே பிளாஸ்டிக் உறை சுற்றிய 2 இளம்பெண்கள் உயிரிழந்ததைச் சொல்லி, 2007-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. மருந்து தோல் வழியாக ரத்தத்தில் கலந்ததுதான் காரணம்.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்த கதை

ஊசியே வேண்டாம், கிரீம் போதும் என்பவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. செங்கோட்டை, புளியரை தாண்டினால் கேரளா. அங்கே மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகை சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்! அந்தக் கிரீம்களில் சிக்கியது பாதரசம். பெரும்பாலோருக்கு கிரீமை நிறுத்திய பிறகு நோய் தணிந்தது.

பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுக்கும், அதனால் முகம் சீக்கிரமே வெளுத்த மாதிரி தெரியும். ஆனால் அது தோல் வழியே உள்ளே போய் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அழகுசாதனப் பொருட்களில் பாதரசம் சேர்ப்பதை இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகள் தடை செய்கின்றன.

இன்னொரு ஆபத்து ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் கலந்த கிரீம்களை ‘கலர் கிரீம்’ என்று பூசுகிறவர்கள் அதிகம். முதல் ரெண்டு வாரம் முகம் பளபளக்கும். அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடித்து, முடி முளைத்து, நிறுத்தினால் எரியும் நிலைக்குப் போய்விடும். 2018 மார்ச்சில் மத்திய அரசு இந்தக் கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது.

லேபிள் இல்லாத டப்பாவில் ‘எங்க ஸ்பெஷல் மிக்ஸ்’ என்று யாராவது கொடுத்தால் வாங்காதீங்க. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, சேர்மானப் பட்டியல் இல்லாத எதுவும் முகத்துக்கு வேண்டாம். ‘மூலிகை’ என்று எழுதியிருந்தாலும் இதே விதிதான்.

பியூட்டிஷியன்கள் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

நல்ல பியூட்டிஷியன் கையை வைக்கும் முன் வாயைத் திறந்து கேட்பார்.

1. பருவுக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா? ஐசோட்ரெடினாயின் மாத்திரையோ, ரெட்டினால் வகை கிரீமோ பயன்படுத்துகிறவர்களுக்கு வேக்சிங் செய்தால் முடியோடு தோலும் உரிந்து வரலாம்.

2. கர்ப்பமா இருக்கீங்களா, குழந்தைக்குப் பால் கொடுக்கிறீங்களா? அப்படியென்றால் டாக்டரைக் கேட்காமல் பீல் வேண்டாம்.

3. சுகர் இருக்கா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா? சின்னக் காயம் கூட ஆறத் தாமதமாகும்.

4. வீட்டில் என்ன கிரீம் போடுறீங்க? முடிந்தால் டியூபையே கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு போட்ட முகத்தில் ஃபேஷியல் கூட எரியும்.

5. முன்னாடி ஹேர் டை, பிளீச் ஏதாவது அலர்ஜி ஆகியிருக்கா? முதல்முறை என்றால் காதுக்குப் பின்னால் தடவி 48 மணி நேரம் பாருங்கள்.

சுத்தமும் இதே அளவு முக்கியம். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். பிளேடு ஆளுக்கு ஒன்று, வேலை முடிந்ததும் தூக்கிப்போட வேண்டும். பிளாக்ஹெட் எடுக்கும் கருவியை டெட்டால் தண்ணீரில் முக்கினால் போதாது. ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடமாவது இருக்க வேண்டும்.

திட்டு தொட்டால் மரத்திருக்கிறதா, மச்சம் பெரிதாகிறதா, புண் ஆறவில்லையா? இவற்றின் மேல் ஃபேஷியல் போடாமல் டாக்டரிடம் அனுப்புங்கள். தொழுநோயின் ஆரம்ப அறிகுறியே வெளுத்த, உணர்வில்லாத திட்டுதான். முகத்தை வாரக்கணக்கில் பார்க்கும் பியூட்டிஷியன் கண்ணில்தான் அது முதலில் படலாம்.

அருவிக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

பீல், லேசர், மைக்ரோ நீட்லிங் செய்தவர்கள் அந்தத் தோல் முழுசாக ஆறும்வரை அருவிக் குளியலைத் தள்ளிப்போடுங்கள். அதே தண்ணீரில் நூற்றுக்கணக்கானோர் நிற்கிறார்கள், தண்ணீர் விழும் வேகமும் அதிகம். எண்ணெய் மசாஜ், உப்பு ஸ்க்ரப்பும் அப்போது வேண்டாம். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தவும் தடை இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.

சாரல் நேரத்தில் வெயில் இல்லையே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். மேகத்தைத் தாண்டியும் புற ஊதாக் கதிர் வரும். பீல் செய்த முகத்துக்கு குறைந்தது எஸ்பிஎஃப் 30, நனைந்தால் மறுபடி பூசணும்.

தப்பாகிவிட்டால் யாரிடம் போவது?

ஃபில்லர் போட்ட உடனே கடுமையான வலி, தோல் வெளுத்துப்போவது, பார்வை மங்குவது என்றால் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்கக் கூடாது. ரத்தக் குழாய் அடைத்து கண் பார்வையே போகலாம். மூச்சுத் திணறல், முகம் வீக்கம் என்றாலும் உடனே 108-க்குக் கூப்பிடுங்கள். எரிச்சல், கருந்திட்டு போன்றவற்றுக்குத் தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்கோ, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ போகலாம். போட்ட கிரீம், பில், போட்டோ மூன்றையும் பத்திரமாக எடுத்துப்போங்கள்.

மருத்துவராகப் பதிவு செய்யாதவர் மருத்துவம் பார்த்தால் 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். புகாரை மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநரிடம் கொடுக்கலாம். கிரீம் பற்றிய புகார் என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. கட்டிய பணம் பற்றியது என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

பார்லர் நடத்துகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. “இது என் வேலை இல்லக்கா, டாக்டரைப் பாருங்க” என்று சொன்னால் அன்றைக்கு ஒரு பில் குறையலாம். ஆனால் அந்த அக்கா அடுத்த மாத ஃபேஷியலுக்கும், மகள் கல்யாண மேக்கப்புக்கும் உங்களிடம்தான் வருவார்.