நியூமோனியா: பிள்ளையின் மூச்சை எண்ணிப் பாருங்கள்

மதுரங்குளியிலிருந்து மன்னார், முசலிப் பக்கம் திரும்பும் குடும்பங்கள் வீடு கட்டி முடியும்வரை கொட்டில்களில் தங்க நேரிடலாம். இட நெருக்கமும் விறகுப் புகையும் சிறு பிள்ளைகளுக்கு நியூமோனியா வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

காரணம்: பக்டீரியா, வைரசு போன்ற கிருமிகள் நுரையீரலைத் தாக்கும்போது, அதன் காற்றறைகளில் நீரும் சீழும் நிறைந்து மூச்சு முட்டுகிறது.

அறிகுறிகள்: இருமல், காய்ச்சல், வேகமான மூச்சு. பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பின்வரும் அளவோ அதற்கு மேலோ இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்:

• 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தை: 60
• 2 மாதம் முதல் ஒரு வயதுவரை: 50
• 1 முதல் 5 வயதுவரை: 40

மூச்செடுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பகுதி உட்குழிந்தால், பால் குடிக்க முடியாவிட்டால், உதடு நீலமானால் சற்றும் தாமதிக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம்.

சிகிச்சை: பக்டீரியாவால் வந்த நோய்க்கு அமொக்சிசிலின் போன்ற அன்டிபயோட்டிக் மருந்து தரப்படும். காய்ச்சல் விட்டாலும் வைத்தியர் சொன்ன நாள்வரை கொடுங்கள். மிஞ்சிய மருந்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

தடுப்பு: முதல் 6 மாதமும் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். அடுப்பைப் படுக்குமிடத்துக்கு வெளியே வையுங்கள். 2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டுத் தடுப்பூசி, நியூமோனியாவை உண்டாக்கும் கிருமி ஒன்றிலிருந்தும் காக்கும். புறப்படும்போது பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை மறக்காமல் எடுத்துச்செல்லுங்கள். விடுபட்ட ஊசி எது என்பதைப் புதிய இடத்துக் குடும்பநல உத்தியோகத்தர் அதைப் பார்த்தே அறிந்துகொள்வார்.