குளிக்க மறந்த வால்வு

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். மொட்டைமாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிகளை ஒன்பது நிறுத்திப் பாருங்கள். ஒரு சின்னக் கார் பதினைந்து, பதினெட்டு கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் அவ்வளவு காற்றும் எஞ்சினுக்குள் போய் வந்துவிடுகிறது. காற்று உள்ளே போக வழிவிடுவது இன்டேக் வால்வு, அதாவது உள்ளிழு வால்வு. மெல்லிய தண்டும் தட்டையான தலையும் கொண்ட எஃகுத் துண்டு, அவ்வளவுதான். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. திறக்கிற இடைவெளியோ பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. அந்த இடுக்கை ஒட்டிக் கரி படிந்தால் எஞ்சினுக்கு மூச்சுத் திணறும்.

“கார்பன் அடைச்சிருக்கு சார்” என்று மெக்கானிக் சொன்னால், உடனே கேட்க வேண்டிய கேள்வி “எங்கே?” என்பதுதான். எஞ்சினில் கரி சேரும் இடங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, நெருப்பு எரியும் அறை. மற்றது, நெருப்பையே பார்க்காத வால்வின் முதுகு. இரண்டின் கதையும் வேறு, மருந்தும் வேறு.

முதலில் எரியும் அறை. அங்கே தீயின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிஸ்டனோ அலுமினியக் கலவை. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். பிறகு எப்படி அது பல லட்சம் கிலோமீட்டர் உழைக்கிறது? தீ பிஸ்டனைத் தொடுவதில்லை. உலோகம் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், அதன் பரப்புக்கு ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி தூரம் இருக்கும்போதே தீ அணைந்துவிடுகிறது. இந்த மெல்லிய ஏட்டை அணைவடுக்கு என்று சொல்லலாம். பிஸ்டனைக் காப்பாற்றுவதில் இதற்கும் பங்கு உண்டு. கரியைப் பெற்றுப் போடுவதும் இதுதான். அணைந்த இடத்தில் அரைகுறையாக வெந்த எரிபொருள் பிசினாகி, உலோகத்தில் ஒட்டி, நாளடைவில் கருகுகிறது.

ஆனால் இந்தக் கரி எல்லையில்லாமல் வளர்வதில்லை. கரி வெப்பத்தை எளிதில் கடத்தாது. படிவு தடிக்கத் தடிக்க அதன் மேற்பரப்பு சூடேறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் புதிதாக எதுவும் ஒட்ட முடியாத அளவுக்குச் சூடாகிவிடும். தன் வளர்ச்சியைத் தானே நிறுத்திக்கொள்ளும் அழுக்கு! அதற்காக அது சாது என்று நினைக்க வேண்டாம். அறையின் இடத்தைக் கொஞ்சம் அடைத்துக்கொள்வதால் அழுத்தம் கூடுகிறது. சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் எரிபொருள் நேரம் தவறிப் பற்றுகிறது. மேட்டில் ஏறும்போது ‘டக் டக்’ என்று எஞ்சின் தட்டுகிற ‘நாக்கிங்’ இப்படியும் வரலாம்.

இந்தக் கரிக்குத் தண்ணீரே எதிரி. ஹெட் கேஸ்கெட் கசிந்து, கூலன்ட் எனும் குளிர்விப்பு நீர் உள்ளே இறங்கிய எஞ்சினைத் திறந்தால், மற்ற பிஸ்டன்கள் கறுத்திருக்க, கசிந்த சிலிண்டரின் பிஸ்டன் மட்டும் புதிதுபோல் மின்னும். நீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. கரியின் துளைகளுக்குள் புகுந்த ஈரம் அப்படி விரிந்து படிவைப் பெயர்த்துவிடுகிறது. கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்குகள் ஓடுகிற எஞ்சினில் நூலிழையாகத் தண்ணீர் விட்டுக் கரி எடுத்தது இதனால்தான். வீட்டில் செய்து பார்க்கிற வேலை அல்ல இது. தண்ணீரை அமுக்க முடியாது. கொஞ்சம் அதிகமாகப் போனாலும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இனி வால்வின் முதுகு. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சின்னப் பெட்ரோல் கார்களில் இன்ஜெக்டர், வால்வுக்குச் சற்று முன்னால், காற்று வரும் குழாயில் இருக்கிறது. அது பீய்ச்சுகிற பெட்ரோல் நேராக வால்வின் முதுகில் விழுந்து, ஆவியாகி, காற்றோடு உள்ளே போகிறது. பெட்ரோல் நல்ல கரைப்பான். போதாததற்கு அதில் டிடர்ஜென்ட் மூலக்கூறுகளும் கலந்திருப்பதுண்டு: ஒரு முனை அழுக்கைப் பற்றும், மறுமுனை பெட்ரோலோடு போகும். ஆக, ஓடுகிற ஒவ்வொரு நொடியும் வால்வுக்குக் குளியல்.

இந்தக் குளியல் எவ்வளவு முக்கியம் என்று 1980களில் பிஎம்டபிள்யூ ஒரு சோதனை வகுத்துக் காட்டியது. 318ஐ காரின் வால்வுகளை எடை போட்டு மாட்டி, குறிப்பிட்ட பெட்ரோலில் 10,000 மைல், அதாவது சுமார் 16,000 கிலோமீட்டர் ஓட்டி, கழற்றி மறுபடி எடை போட வேண்டும். வால்வுக்குச் சராசரியாக 100 மில்லிகிராமுக்கு மேல் படிவு கூடியிருந்தால் பெட்ரோல் தேறாது. ஒரு பாரசிட்டமால் மாத்திரையில் இருக்கும் 500 மில்லிகிராம் மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு! அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் டிடர்ஜென்ட் கட்டாயமாகிவிட்டது.

இங்கேதான் பொறியாளர்களின் புத்திசாலித்தனம் அவர்களுக்கே வினையானது. இன்ஜெக்டரைக் குழாயிலிருந்து பெயர்த்து நேரே சிலிண்டருக்குள் வைத்தால் என்ன? பெட்ரோல் கையில் பட்டால் சில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சி சிலிண்டருக்குள்ளேயே கிடைத்தால் காற்றை இன்னும் இறுக்கி அமுக்கலாம். அதே எரிபொருளில் கூடுதல் சக்தி எடுக்கலாம். 1930களின் ஜெர்மன் விமான எஞ்சின்களிலேயே இருந்த உத்தி இது. 1954-ல் மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரில் வந்தது. 1996-ல் மிட்சுபிஷி அதைச் சாதாரணக் குடும்பக் காருக்குக் கொண்டுவந்தது. இன்று நம் சாலைகளில் ஓடும் ஃபோக்ஸ்வாகன் டிஎஸ்ஐ எஞ்சின்கள் இந்த நேரடித் தெளிப்பு வகைதான். குழாயில் பீய்ச்ச மூன்று, நான்கு பார் அழுத்தம் போதும். இங்கே 200, சிலவற்றில் 350 பார் வரை போகிறது. உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்.

எல்லாம் சரி, வால்வின் குளியல் நின்றுபோனது. அழுக்கு வருவது மட்டும் நிற்கவில்லை. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் வாயு கீழே கிராங்க்கேஸில் சேர்ந்து, ஆயில் துளிகளை ஏந்திக்கொள்ளும். பழைய கார்களில் இதை ஒரு குழாய் வழியாகச் சாலையிலேயே விட்டுவிட்டார்கள். காற்று கெடுகிறது என்று 1960களில் அதைத் திருப்பிக் காற்றுக் குழாய்க்குள்ளேயே விட ஆரம்பித்தார்கள். ஊருக்கு நல்லது, வால்வுக்குக் கெடுதல். சூடான வால்வில் ஆயில் துளி விழுந்ததும் அதன் இலேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்படும். வாணலியின் வெளிப்புறத்தில் எண்ணெய் வழிந்து வழிந்து ஏறும் கறுப்புக் கறை உருவாவதும் இதே வேதியியலில்தான். அதைத் தேய்த்துப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

இப்போது விந்தையைப் பாருங்கள். பெட்ரோல் டேங்கில் எவ்வளவு உயர்ந்த கிளீனரை ஊற்றினாலும் இந்த வால்வின் முதுகை அது எட்டாது. பெட்ரோல் அந்தப் பக்கமே போவதில்லையே! ஹைட்ரஜனை விட்டுக் கரியை எரிப்பதாகச் சொல்லும் சேவைகளிடமும் ஒரு கேள்வி கேட்கலாம். அந்த வாயு தீப்பற்றுவது சிலிண்டருக்குள் என்றால், வெளியே இருக்கும் கரி எப்படி எரியும்? பதில் திருப்தியாக இருந்தால் பணம் கொடுங்கள்.

கையால் எடுப்பதுதான் நிச்சயமான வழி. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி டார்ச் அடித்தால், பென்சிலைவிட மெல்லிய தண்டு கரியேறிப் பருத்து, தலையோடு சேர்ந்து சொரசொரவென்று நிற்பது தெரியும். கிராங்கைத் திருப்பி, அந்தச் சிலிண்டரின் வால்வுகள் முழுக்க மூடியிருக்கும்படி நிறுத்த வேண்டும். கவனமாகச் செய்ய வேண்டிய கட்டம் இது. பிறகு காற்று வரும் துளையின் வாயில் வேக்குவம் குழாயைப் பொருத்தி, அதன் நடுவே நீளமான முனையை நுழைத்து, அழுத்தக் காற்றோடு பொடித்த அக்ரூட் ஓட்டை வீசுகிறார்கள்! வால்நட் என்று கடையில் விற்கிறார்களே, அதன் ஓடுதான். வீசுவதும் உறிஞ்சுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். சில நிமிடங்களில் கரி பெயர்ந்து உலோகத்தின் நிறம் வெளியே வரும்.

ஏன் அக்ரூட்? கரியைப் பெயர்க்கும் அளவுக்கு அது கெட்டி. எஃகு வால்வைக் கீறாத அளவுக்கு மென்மை. உடைந்த துணுக்குகளுக்குக் கூர்மையான ஓரங்கள் உண்டு. ஒன்றிரண்டு தப்பித் தவறி சிலிண்டருக்குள் போனாலும் பெட்ரோலோடு எரிந்து வெளியேறிவிடும். மணலைப் பயன்படுத்தியிருந்தால் ஒரு துகளே சிலிண்டர் சுவரைக் கீறிவிடப் போதும்.

தொழிற்சாலைகளிலும் ஒரு மாற்று கண்டார்கள். 2005-ல் டொயோட்டா, லெக்ஸஸ் கார்களுக்கான 3.5 லிட்டர் வி6 எஞ்சினில், சிலிண்டருக்குள் ஒரு இன்ஜெக்டர் இருக்க, குழாயிலும் பழையபடி இன்னொன்றைப் பொருத்தியது. ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு இன்ஜெக்டர். எப்போது எது பீய்ச்ச வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். காற்றும் பெட்ரோலும் நன்றாகக் கலக்க வேண்டும் என்பது முக்கிய நோக்கம். வால்வு மறுபடி குளிக்கத் தொடங்கியது கூடுதல் லாபம். ஃபோர்டும் ஃபோக்ஸ்வாகனும் சில எஞ்சின்களில் இதே வழிக்கு வந்தன. இரண்டு மடங்கு இன்ஜெக்டர் என்றால் செலவும் கூடும் என்பதால் சின்னக் கார்களில் இது அரிது. நேரடித் தெளிப்பு மட்டும் உள்ள சின்னக் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அக்ரூட் ஓடுதான்.