பின்னலும் ஒரு பொறியியலே!



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று சங்கத்தில் சொன்னதும், ராக்கெட்டைப் பற்றி எழுதலாமா, ரோபோவைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். கடைசியில் எங்க வீட்டுத் திண்ணையைப் பற்றியே எழுதுகிறேன். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில், அந்தத் திண்ணையில்தான் என் அம்மாவும் குழுவிலுள்ள பதினோரு பெண்களும் மத்தியானம் கூடி நூல் பின்னுகிறார்கள்.

நெசவு வேறு, பின்னல் வேறு. நெசவில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பின்னலில் ஒரே நூல் வளைந்து வளைந்து, கண்ணிக்குள் கண்ணியாக நுழையும். கண்ணி நெளிந்து கொடுப்பதால்தான் துணி இழுத்தால் நீள்கிறது. நாம் போடும் பனியனை உற்றுப் பாருங்கள், அதுவும் பின்னல்தான்! 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ கண்டுபிடித்த பின்னல் இயந்திரத்தின் வாரிசுகளே இன்று திருப்பூரில் ஓடுகின்றன.

கைப்பின்னலில் நிட்டிங்குக்கு இரண்டு ஊசி. ஒரு வரிசைக் கண்ணி முழுவதும் ஊசியில் நிற்கும். ஒன்று நழுவினால் ஏணி மாதிரி கீழே வரை பிரியும். குரோஷாவுக்கு ஒரே கொக்கி ஊசி. பெரும்பாலும் ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். தப்பு வந்தால் பிரித்து மறுபடி போடலாம். அதனால் புதுசாகக் கற்பவர்களுக்குச் சுலபம். கைநாட்டு வைக்கும் என் அம்மாவே, பக்கத்து வீட்டு அத்தையின் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்.

இப்படிக் கற்றுக்கொடுப்பது நம் பகுதிக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உள்ள உபாசனா நிறுவனம் மீனவப் பெண்களுக்கு மிச்சத் துணியில் 'சுனாமிகா' என்ற குட்டிப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பொம்மை விற்பனைக்கு அல்ல, அன்பளிப்பு. சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு, பல பெண்கள் பின்னிய துண்டுகளைச் சேர்த்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தது. பல கைகள் செய்ததை ஒன்றாகச் சேர்க்க வேண்டுமானால் அளவு ஒத்துப் போக வேண்டும். சிக்கலே அங்கேதான்.

அந்தச் சிக்கலில் எங்க குழுவும் மாட்டியது. மேசை விரிப்புக்கு ஆர்டர் கிடைத்து, ஆளுக்குப் பத்துத் துண்டு பின்னினார்கள். ஒருத்தர் துண்டு பெரிசு, இன்னொருத்தர் துண்டு சிறிசு. "சுருக்கமா இருக்கு" என்று வியாபாரி திருப்பிவிட்டார். அந்தப் பணத்தில்தான் என் செமஸ்டர் கட்டணம் கட்டுவதாக இருந்தது. குழுச் சேமிப்பில் அம்மா கடன் வாங்கிக் கட்டினார்கள்.

அந்த வாரம்தான் வகுப்பில் 'கோ, நோ-கோ' கேஜ் பற்றி நடத்தினார்கள். எனக்குத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. அட்டையில் இரண்டு சதுரம் வெட்டிக் கொடுத்தேன். துண்டு சின்னச் சதுரத்தை மூட வேண்டும். பெரிய சதுரத்தைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான்.

ஆனால் அளவு ஏன் மாறுகிறது என்று கண்டுபிடித்தது நான் அல்ல, அத்தைதான். "நூலை நீ இறுக்கிப் பிடிக்கிற, அவ தளர்த்திப் பிடிக்கிறா. கையை மாத்த முடியாது, ஊசியை மாத்து" என்றார். இறுக்கிப் பின்னுபவருக்குத் தடித்த ஊசி, தளர்த்திப் பின்னுபவருக்கு மெல்லிய ஊசி. எண் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஊசியில் கலர் நூல் கட்டி வைத்தார்கள். அடுத்த ஆர்டரில் ஒரு துண்டுகூடத் திரும்பவில்லை. கடனும் அடைந்தது.

நண்பர்களே, எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். படித்தவன் நான்தான் என்று கொஞ்சம் கர்வம் இருந்தது. அட்டை வெட்டியவன் நான்; ஊசியை மாற்றச் சொன்னவர் அத்தை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விரிப்பு சேர்ந்திருக்காது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நாம் படித்ததைத் திண்ணைக்குக் கொண்டு போவோம். திண்ணையில் இருப்பதையும் கேட்டு வருவோம். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை!



— இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன்