மீளும் நாள்

நுழையும்முன்

அயல்நாட்டில் வாழ்வோர் விடுமுறைக்கு ஊர் திரும்புவது நாம் ஆண்டுதோறும் காணும் நிகழ்வு. பொங்கலை ஒட்டியும் கோடையிலும் பூட்டிய வீடுகள் பல திறக்கப்படுகின்றன. இவ்வருகைக்குப் பின்னே நெடிய வரலாறு உண்டு. புறப்படும்போதே மீளும் நாளையும் வரையறுத்துக்கொள்வது தமிழர் மரபு. அந்த நாள் தம் கையில் இல்லாமற் போனவர்களின் துயரமும் அவ்வரலாற்றில் அடங்கும்.

இலக்கணம் வகுத்த எல்லை

பிரிவைப் பேசும் தொல்காப்பியம் அதற்குக் கால எல்லையையும் வகுக்கிறது. கல்வியின்பொருட்டுப் பிரிபவர் மூன்று ஆண்டுகளைக் கடத்தலாகாது. வேந்தன் ஏவிய தொழிலுக்குச் செல்பவர் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பது கற்பியல் கூறும் செய்தி. சங்க இலக்கியத்தில் பொருள் தேடச் செல்லும் தலைவன், திரும்பிவரும் பருவத்தைக் கூறிவிட்டே செல்கிறான். அவன் குறித்த பருவம் வரும்வரை ஆற்றியிருத்தலே முல்லைத்திணையின் உரிப்பொருள். திருக்குறளின் ‘அவர்வயின் விதும்பல்’ அதிகாரம் பிரிந்தவரைக் காணத் துடிக்கும் உள்ளத்தைப் பேசுகிறது. பிரிவு என்பது சென்றவருக்கும் இருப்பவருக்கும் இடையே உள்ள ஓர் உடன்பாடு. அவ்வுடன்பாட்டைக் காப்பது மீளும் நாள்.

தவணையும் கப்பலும்

பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் நாட்டுக்கோட்டை நகரத்தார் வணிகம் செய்தனர். அவர்களின் நிறுவனங்களில் மேலாள், அடுத்தாள் முதலிய பொறுப்புகளை ஏற்றவர்கள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுச் சென்றனர். மூன்று ஆண்டுகள் என்பது அவர்களின் வழக்கமான தவணை. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்பினர். சில காலம் தங்கியபின் மீண்டும் கடல் கடந்தனர்.

அக்காலப் பயணத்தின் வேகத்தைக் கப்பலே முடிவு செய்தது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல், சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களைப் பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றோடு பல பத்தாண்டுகள் இணைத்தது. அதன்பின் அவ்வழியில் சென்ற ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீ விபத்துக்குள்ளானது. நாள்கணக்கில் நீண்ட கடற்பயணத்தை வானூர்தி இன்று சில மணி நேரமாகச் சுருக்கிவிட்டது.

மீளாதவர்கள்

மீளும் நாள் எல்லார்க்கும் வாய்க்கவில்லை. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அவர்களின் ஒப்பந்தத்திலும் திரும்பும் உரிமை இடம்பெற்றிருந்தது. ஆயினும், பத்தாண்டுகள் அங்கே கழித்த பின்னரே இலவசமாகத் திரும்பிச்செல்ல வழி இருந்தது. அதற்குள் பலருக்கு அங்கேயே குடும்பம் அமைந்துவிட்டது. பலர் அங்கேயே தங்கினர். இன்றைய தென்னாப்பிரிக்கத் தமிழருள் பெரும்பாலோர் அவர்களின் வழித்தோன்றல்களே.

வேறு சிலருக்கு மீட்சியே துன்பமாயிற்று. 1941 டிசம்பரில் இரங்கூன் மீது குண்டுகள் வீசப்பட்டன. அதன்பின் இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவைவிட்டு வெளியேறினர். காட்டுவழியே நடந்துவந்தோருள் பலர் பசியாலும் நோயாலும் வழியிலேயே மடிந்தனர். விரும்பிய நாளில், விரும்பியவாறு ஊர் திரும்புவது எத்துணை அரிய பேறு என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

ஊரில் ஒரு வீடு

வெளிநாட்டில் ஈட்டிய பொருளைக் கொண்டு ஊரில் வீடு கட்டுவதும் மீட்சியின் ஒரு பகுதி. செட்டிநாட்டு மாளிகைகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்பதற்குக் காரணம் இதுவே. மனைக்கும் ஊர் உரிமைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழைமையானது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதற் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) உள்ளன. ஊராட்சி வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவராக இருத்தல் உறுப்பினர்க்குரிய தகுதிகளுள் அடங்கும். அயல்நாட்டில் உழைப்பவர் ஊரில் எழுப்பும் வீடும், ‘இவ்வூரில் எனக்கும் இடம் உண்டு’ என்று சொல்லாமற் சொல்கிறது.

விடுப்பு நாள்கள்

இன்று வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் பலரின் தவணை இரண்டு ஆண்டுகள். அதன்பின் கிடைப்பது ஓரிரு மாத விடுப்பு. அதற்குள் பெற்றோரின் மருத்துவம், உடன்பிறந்தாரின் திருமணம், வீட்டுப்பணி, குலதெய்வ வழிபாடு ஆகிய அனைத்தும் நிறைவேற வேண்டும். தந்தையைக் காணொலியில் மட்டுமே கண்டு பழகிய குழந்தை, அவர் நேரில் வந்ததும் அருகே செல்லச் சில நாள்கள் தயங்குவதுண்டு. தயக்கம் நீங்கும் வேளையில் விடுப்பும் முடிந்துவிடுகிறது. ஆகவே, விடுமுறைக்கு வருபவர் சொந்த வீட்டிலேயே விருந்தினராகவும் இருக்கிறார்.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் ஊதியத்தை மட்டும் பார்ப்பது போதாது. விடுப்பு எத்தனை நாள், திரும்பும் பயணச்செலவு யாருடையது, கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும் ஆகியவற்றையும் அறிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் அரசிடம் பதிவு பெற வேண்டும் என 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வகுத்தது. மீளும் நாளைத் தம் கையில் வைத்திருப்பவரே உரிமையோடு உழைக்க இயலும்.

தமிழ்நாடு அரசு சனவரி 12ஆம் நாளை அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறது. அது பொங்கலுக்கு முன்னே வருவது பொருத்தமே. அறுவடை முடிந்து நெல் வீடு சேரும் காலத்தில், உழைக்கச் சென்றவரும் வீடு சேர வேண்டும் என்பதே காத்திருப்போரின் விருப்பம்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலிருந்து அயல்நாடு சென்று திரும்பிய ஒருவரைச் சந்தித்து, அவர் சென்ற ஆண்டு, பயணவழி, ஊர் திரும்பியபோது கண்ட மாற்றங்கள் ஆகியவற்றைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.