பிச்சாவரம் சேற்றில் ஒரு புதுப் பெயர்

நீலகிரியில் மசினகுடிப் பக்கம் ஓடும் மோயாறு பவானிசாகர் அணையில் போய்ச் சேர்கிறது. பவானி காவிரியில் கலக்க, காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் கடலைத் தொடும் இடத்துக்கு அருகில்தான் பிச்சாவரம். அந்த அலையாத்திக் காட்டுச் சேற்றில் நீலகிரி மண்ணும் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். நடுவில் இத்தனை அணைகள் இல்லாவிட்டால் இன்னும் கூடுதலாகவே இருந்திருக்கும்.

அங்கே ஒரு காட்டு நெல் வளர்கிறது. கடல்நீர் ஏறி இறங்கும் இடத்திலும் வேர் பிடித்து நிற்கும் புல் அது. அதன் வேர், தண்டு, வேரை ஒட்டிய மண் ஆகியவற்றிலிருந்து சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் லோகநாதனும் சுதா நாயரும் பிரித்தெடுத்த பாக்டீரியாவுக்கு 2004-இல் ‘சுவாமிநாதேனியா சாலிடாலரன்ஸ்’ என்ற பெயர் கிடைத்தது. இனம் மட்டுமல்ல, பேரினமே புதிது.

பிடித்த விதம் சுவாரஸ்யமானது. நைட்ரஜன் சத்தே சேர்க்காத, அரைகுறையாக உறைந்த கூழ் ஒன்றைத் தயாரிக்கிறார்கள். காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளத் தெரிந்த கிருமிதான் அதில் பெருகும், மற்றவை பட்டினி. ஆக்சிஜன் மிகுந்தால் நைட்ரஜன் பிடிக்கும் நொதி கெட்டுவிடும் என்பதால், அவை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மெல்லிய ஏடாகப் படர்கின்றன. அந்த ஏட்டிலிருந்து எடுத்து, ஒரே வகைக் கிருமி மிஞ்சும்வரை தட்டில் திரும்பத் திரும்பத் தீற்ற வேண்டும்.

தலைவலி அதற்குப் பிறகுதான். முதுமலைப் புலியைப் பார்த்ததும் புலி என்பதுபோல் பாக்டீரியாவைச் சொல்லிவிட முடியாது; நுண்ணோக்கியில் பலவும் வெறும் குச்சிகள். எதைத் தின்கிறது, எதைத் தாங்குகிறது என்று சோதித்துத்தான் ஆக வேண்டும். இது 3 விழுக்காடு உப்பிலும் 0.35 விழுக்காடு அசிட்டிக் அமிலத்திலும் செழித்தது. வினிகர் உண்டாக்கும் பாக்டீரியாக்களின் குடும்பம். உப்பிருந்தும் நைட்ரஜனைப் பிடித்தது, பாஸ்பேட்டையும் கரைத்தது.

அடுத்து மரபணு. 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு எல்லா பாக்டீரியாவிலும் உண்டு, மெதுவாகவே மாறும். அந்த வகை மூலக்கூறை ஒப்பிட்டுத்தான் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977-இல் ஆர்க்கியா என்ற தனி உலகையே அடையாளம் கண்டார்கள். ஆனால் நெருங்கிய சொந்தங்களைப் பிரிக்க அது போதாது. முழு டிஎன்ஏவைப் பக்கத்து இனத்தின் டிஎன்ஏவோடு இணையவிட்டு, 70 விழுக்காட்டுக்குக் கீழே ஒட்டினால் வேறு இனம் என்பது அன்றைய கணக்கு. இன்று மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து, ஒற்றுமை 95-96 விழுக்காட்டுக்குக் கீழே போனால் புதிது என்கிறார்கள். இயற்கை கிழித்த கோடுகள் அல்ல, ஆய்வாளர்கள் பேசி வைத்துக்கொண்டவை.

பெயர் செல்லுபடியாக, உயிருள்ள மாதிரியை இரு நாடுகளின் சேகரிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். பிஏ51 என்ற இந்த மாதிரி சண்டிகரில் எம்டிசிசி 3852, பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் எல்எம்ஜி 21291. சந்தேகப்படும் ஆய்வாளர் வரவழைத்து மறுபடி சோதித்துக்கொள்ளலாம்.

அதே காட்டு நெல் 2008-இல் ‘விப்ரியோ போர்டரேசியே’வையும், 2010-இல் ‘மாங்ரோவிபாக்டர் பிளான்டிஸ்பான்சர்’ என்ற இன்னொரு புதுப் பேரினத்தையும் தந்தது. முன்னது காலராக் கிருமியின் பேரினம். ஆனால் நைட்ரஜன் பிடிக்கும் சாது.